விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே நாய்க்கும் நாள் குறியுங்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று எந்தப் பக்கம் போனாலும் வெளிநாடு செல்ல ஆயத்தமாகும் ஒரு குடும்பத்தையாவது இப்போது சந்திக்கிறோம். விசா கிடைத்ததும் தளபாடங்களுக்கு விலை பேசப்படுகிறது, பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம் எடுக்கப்படுகிறது, நகைகள் வங்கிப் பெட்டகத்துக்குப் போகின்றன. வீட்டில் வளர்ந்த நாயையோ பூனையையோ என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் கடைசி இரண்டு வாரத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அந்த நேரத்தில் கேட்டால், போகும் நாடு பிரித்தானியாவாகவோ ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்ததாகவோ இருக்குமானால், கூடவே கொண்டுபோக வழியில்லை என்பதே பதிலாக வரும். பிறகு அந்தப் பிராணி ஒரு விகாரை வாசலிலோ கடற்கரையோரப் புகையிரதப் பாதை அருகிலோ விடப்படுகிறது. அப்படி விட்டவர்கள் பலர் அழுதுகொண்டே விட்டதை நான் அறிவேன். அவர்களுக்கு அன்பு இருந்தது, அவகாசம்தான் இருக்கவில்லை.

ஆகவே நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான். செல்லப்பிராணிக்கான ஆயத்தத்தை விசா விண்ணப்பத்தைக் கையளிக்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். விசா கிடைக்குமோ கிடைக்காதோ என்று தயங்கிக் காத்திருப்பதில் எந்த இலாபமும் இல்லை. விசா கிடைக்காமல் போனாலும் நாய்க்குப் போட்ட தடுப்பூசி வீணாகப் போவதில்லை.

இதற்கு இவ்வளவு காலம் ஏன் தேவைப்படுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் அதிகாரிகள் மீதான கோபம் பாதி தணிந்துவிடும். இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் இன்னும் ஒழிக்கப்படவில்லை. பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தமது பாதுகாப்பான நாடுகளின் பட்டியலில் இலங்கையைச் சேர்க்கவில்லை. அதனால் முதலில் நாயின் தோலுக்கடியில் 15 இலக்கங்கள் கொண்ட, சர்வதேசத் தரத்துக்கு அமைவான மைக்ரோசிப் பொருத்தப்பட வேண்டும். அதன் பின்னரோ அதே நாளிலோ விசர்நோய்த் தடுப்பூசி போடப்பட வேண்டும். அப்போது அதற்குக் குறைந்தது 12 வார வயதாவது இருக்க வேண்டும். தடுப்பூசி போட்டு 30 நாட்களாவது கழிந்த பின் இரத்தம் எடுத்து, அந்த நாடுகள் அங்கீகரித்த ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் நோய் எதிர்ப்புச் சக்தி இருப்பதை நிரூபிக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதங்கள் கழிந்தால்தான் அந்த நாய் விமானம் ஏறலாம். கூட்டிப் பாருங்கள், எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் நான்கு மாதங்கள் ஆகின்றன.

அந்த மூன்று மாதக் காத்திருப்பைத்தான் பலர் தேவையற்ற கெடுபிடி என்று நினைக்கிறார்கள். இரத்தப் பரிசோதனை தடுப்பூசி வேலை செய்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அதற்கு முன்னரே அந்த நாய் எங்கேனும் கடிபட்டு, கிருமி நரம்பின் வழியே மெதுவாக மூளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால், அதை உயிரோடிருக்கும் நாயில் உறுதியாகக் கண்டுபிடிக்கக்கூடிய பரிசோதனை கிடையாது. நோயின் அறிகுறி வெளிப்பட வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகலாம். அறிகுறி தோன்றிய பின் மனிதனுக்கும் மிருகத்துக்கும் பிழைப்பு இல்லை என்றே சொல்ல வேண்டும். எனவே நோய் இருந்தால் வெளிப்படட்டும் என்று காத்திருப்பதைத் தவிர வேறு வழி அவர்களுக்கு இல்லை.

என் அக்கா குடும்பம் லண்டன் போனபோது இந்த ஒழுங்கின் கடுமையை நேரில் பார்த்தேன். அவர்களுடைய நாய்க்கு ஆண்டுதோறும் தவறாமல் தடுப்பூசி போடப்பட்டிருந்தது, அட்டையும் ஒழுங்காக இருந்தது. ஆனால் மைக்ரோசிப் தடுப்பூசிக்குப் பின்னர்தான் பொருத்தப்பட்டிருந்தது. அட்டையில் எழுதியிருக்கும் ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்பதற்குச் சிப் இலக்கமே சாட்சி என்பதால், முந்தைய ஊசிகள் எவையும் கணக்கில் எடுக்கப்படவில்லை. மறுபடியும் ஊசி, மறுபடியும் 30 நாள், மறுபடியும் மூன்று மாதம். சிப் பொருத்திய மருத்துவ நிலையத்தில் இதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நாய் என்னுடன் தங்கியது. உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு முன்பின் ஐந்து நாட்களுக்குள் பிராணியும் பயணம் செய்யாவிட்டால் அதை வர்த்தக இறக்குமதியாகக் கருதுவார்கள் என்பதால், அத்தான் அதற்காகவே மீண்டும் கொழும்புக்கு வந்துபோக வேண்டியதாயிற்று. ஒரே ஒரு விடயத்தின் முன்பின் ஒழுங்கு மாறியதற்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை அது.

இதற்குள் நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. அதைப் பலரும் அறியாததால் அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை அந்த இரத்தப் பரிசோதனையில் தேறிவிட்டால், அதன் பிறகு தடுப்பூசியை ஒரு நாள்கூடத் தவணை தவறவிடாமல் போட்டுவரும் வரை, பிரித்தானியாவோ ஐரோப்பிய ஒன்றியமோ அதைத் திரும்பக் கேட்பதில்லை. விண்ணப்பம் இரண்டு ஆண்டுகள் இழுபட்டாலும் அந்தச் சான்றிதழ் கையில் பத்திரமாக இருக்கும். இவ்வளவு பெரிய அனுகூலம் இருக்கும்போது முன்கூட்டியே தொடங்காமலிருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எல்லா நாடுகளும் ஒரேமாதிரி அல்ல. கனடா நம்மவர்களுக்கு மிகவும் இலகுவானது: குடும்பத்தின் சொந்த நாய்க்குச் செல்லுபடியாகும் விசர்நோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் இருந்தால் இரத்தப் பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் கேட்கப்படுவதில்லை. எனினும் 2022 செப்டெம்பர் 28 முதல், இலங்கை உள்ளிட்ட விசர்நோய் அபாயம் கூடிய நாடுகளிலிருந்து விற்பனைக்கோ தத்துக் கொடுப்பதற்கோ நாய்களைக் கொண்டுவருவதை அந்த நாடு நிறுத்திவிட்டது. ஸ்காபரோவில் இருக்கும் மச்சானுக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கா 2024 ஓகஸ்ட் 1 முதல் விதிகளை இறுக்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டிகளுக்கு அனுமதியே இல்லை, இங்கு தடுப்பூசி போடப்பட்ட நாய் குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டுமே இறங்கலாம், இரத்தப் பரிசோதனை முடிவு இல்லையென்றால் 28 நாள் தனிமைப்படுத்தல். அவுஸ்திரேலியாதான் மிகக் கடினம். இலங்கையிலிருந்து நேரடியாகக் கொண்டுபோக அங்கு அனுமதி இல்லை. அவர்கள் அங்கீகரித்த வேறொரு நாட்டில் முதலில் தங்கவைத்து, அங்கிருந்துதான் அனுப்ப வேண்டும். அதன் பிறகும் மெல்பேர்ணுக்கு அருகே உள்ள மிக்கில்ஹாம் நிலையத்தில் குறைந்தது 10 நாட்கள் தனிமைப்படுத்தப்படும். அவுஸ்திரேலியா போகிறவர்களிடம் நாயைக் கொண்டுபோகவே வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன்.

செலவைப் பற்றி, பிராணிகளை அனுப்பிவைக்கும் முகவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டு மலைத்துப்போய், ஏமாற்றுகிறார்கள் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. சரக்கு விமானக் கட்டணம் நாயின் நிறைக்கு மட்டும் அறவிடப்படுவதில்லை. அதை அடைத்து அனுப்பும் கூடு பிடிக்கும் இடத்துக்கும் அறவிடப்படுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000 ஆல் வகுப்பது வழமை. 91, 64, 69 அளவுள்ள ஒரு நடுத்தரக் கூடு இந்தக் கணக்கில் 67 கிலோகிராம் ஆகிறது, உள்ளே இருப்பது 20 கிலோகிராம் நாயாக இருந்தாலும் சரி. அதற்காகச் சிறிய கூடு வாங்கிவிடாதீர்கள். நாய் காது மேலே முட்டாமல் நிற்கவும், திரும்பவும், உடலை நீட்டிப் படுக்கவும் முடிய வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி. அளவு போதாவிட்டால் கட்டுநாயக்கவில் ஏற்றாமலே திருப்பி அனுப்பக்கூடும்.

கூட்டை வாங்கியதும் கதவைத் திறந்து வீட்டின் நடுவில் வைத்து, பல வாரங்களுக்கு அதற்குள்ளேயே சாப்பாடு கொடுத்து, அதற்குள்ளேயே உறங்கப் பழக்குங்கள். அந்தப் பழக்கம் தரும் அமைதியை எந்த மருந்தும் தராது. பயத்தைப் போக்கத் தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள், தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது இரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் உடல் தன் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனையும் குறைக்கிறது, வானில் பறக்கும்போது அருகில் இருந்து பார்க்கவும் ஆள் இல்லை. பிராணிகள் ஏற்றப்படும் பகுதியில் பயணிகள் பகுதியைப் போலவே காற்றழுத்தம் பேணப்படுகிறது. உண்மையான ஆபத்து தரையில், வெயிலில், விமானம் மாறும் இடத்தில் இருக்கிறது. ஆகவே நடுக்கோடையில் வளைகுடா வழியாக அனுப்புவதைத் தவிருங்கள். பக், புல்டோக் போன்ற தட்டை மூக்கு நாய்களையும் பாரசீகப் பூனைகளையும் பல விமான நிறுவனங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. மூச்சுக்கே அவை போராடுகின்றன என்பதால் அந்த மறுப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன்.

மனிதர்களே படகிலும் கடனிலும் போகும் காலத்தில் நாய்க்கு விமானமா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபரில் போர் காரணமாக யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து ஓர் இரவில் எழுந்து நடந்த குடும்பங்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டு, நாய்களை வாசலில் விட்டுப் போயின. அவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை, அவர்களை ஒருவரும் குறை சொல்ல முடியாது. இன்று விண்ணப்பித்து, விரலடையாளம் கொடுத்து, மாதக்கணக்காகக் காத்திருந்து போகிறவர்களுக்கு அந்த அவகாசம் கையிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வயது முதிர்ந்த நாய், இதய நோய் உள்ள பூனை, செலவுக்கு வழியில்லாத நிலை ஆகியவை கொண்டுபோகாமல் இருப்பதற்கு நியாயமான காரணங்கள். அப்போதும் அதே மாதக்கணக்கான அவகாசம் உதவும். பொறுப்பேற்க இணங்கும் உறவினரையோ அயலவரையோ முன்கூட்டியே தேடுங்கள். முதலில் ஒரு வார இறுதி, பிறகு ஒரு வாரம் என்று அந்த வீட்டில் தங்கவிட்டு, நீங்கள் இன்னும் கொழும்பில் இருக்கும்போதே அங்கு பழகிவிட்டதா என்று போய்ப் பாருங்கள். கருத்தடைச் சிகிச்சை செய்து, தடுப்பூசி அட்டையையும் அது சாப்பிடும் வேளைகளையும் எழுதிக் கொடுங்கள். முதல் ஆண்டின் மருத்துவச் செலவையும் நீங்களே ஏற்றுக்கொண்டால், அந்த வீட்டார் அதை மனமுவந்து வைத்திருப்பார்கள்.