"கடைசி இடம்" என்று எழுதிய அண்ணனுக்கு

எந்தப் பதிவு, யார் எழுதினார் என்று இங்கே பலருக்கும் தெரியும். பெயர் வேண்டாம். நம் பிள்ளை சிங்கப்பூர் உடையில் முதன்முறையாக வெளிநாட்டுப் போட்டியில் கோலூன்றித் தாண்டியிருக்கிறாள். தொடக்க உயரத்தை மூன்றாவது முயற்சியில் தாண்டினாள். வாழ்த்துகளுக்கு நடுவே ஒரு வரி: "கடைசி இடத்துக்கா இத்தனை ஆரவாரம்?" நேற்றிலிருந்து அந்த வரி என்னை விடவில்லை.

அவள் தாண்டினாள் அண்ணே. முதலில் அதைப் பாருங்கள். இந்த விளையாட்டில் தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியே போக வேண்டியதுதான். தொடக்க உயரத்திலேயே மூன்றும் தவறினால் பெயருக்கு நேரே எந்த உயரமும் இருக்காது. இரண்டு தவறிய பிறகு, தெரியாத ஊரில், மூன்றாவது முறை அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு ஓட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 35 முறை உலகச் சாதனை படைத்த செர்கெய் புப்காவே 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஒரு உயரமும் தாண்டாமல் வெளியேறினார். இவள் தாண்டினாள்.

"அதே புப்கா 1983இல், 19 வயதில், ஹெல்சிங்கியில் உலகப் பட்டம் வென்றாரே?" என்று கேட்பீர்கள். வென்றார், 5.70 மீட்டர். அவர் வளர்ந்த சூழல் வேறு. இங்கே நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கோலை எம்ஆர்டி ரயிலில் ஏற்ற முடியாது, வீவக அடுக்குமாடி வீட்டு மின்தூக்கியில் நுழைக்க முடியாது. ஒரு கோல் போதாது. உடல் எடைக்கும் ஓடிவரும் வேகத்துக்கும் ஏற்பப் பல வேண்டும். விமானத்தில் கொண்டுபோவது தனிப் போராட்டம். மாலைப் பயிற்சியில் மின்னல் எச்சரிக்கை வந்தால் திடலைக் காலி செய்ய வேண்டும். இத்தனையையும் கடந்துதான் அவள் அங்கே போய் நின்றாள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? என் தம்பியும் உயர்நிலைப் பள்ளியில் கோலூன்றித் தாண்டினான். பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் மூன்று முயற்சியும் தவறிப்போன அன்று வீட்டுக்கு வந்திருந்த உறவினர், "இந்தக் குச்சியைப் பிடித்துக் குதிக்கிற நேரத்துக்குத் துணைப்பாட வகுப்புக்குப் போயிருக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு தம்பி பயிற்சிக்குப் போகவே இல்லை. அம்மா கெஞ்சியும் போகவில்லை. அந்த உறவினருக்கு இன்று அது நினைவில்கூட இல்லை. தம்பிக்கு இருக்கிறது.

சரி, "விமர்சனமே கூடாதா?" தாராளமாகச் செய்யுங்கள். ஓட்டத்தில் எங்கே வேகம் குறைந்தது, கோலை ஊன்றும்போது கை எங்கே இருந்தது என்று சொல்லுங்கள், அவளுக்கு உதவும். கடைசி இடம் என்பது விமர்சனம் இல்லை. மக்கள் பணம் வீணாகிறது என்று இன்னொருவர் ஆரம்பித்திருக்கிறார். அவள் பெற்றோர் எவ்வளவு செலவழித்தார்கள் என்று அவர் கேட்டாரா?

நம் ஓட்டக்காரர் சி. குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. ஆனால் அங்கே அவர் ஓடிய 10.38 விநாடி 33 ஆண்டுகள் நம் தேசியச் சாதனையாக இருந்தது. இடத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஓட்டத்தை என்னவென்று எழுதியிருப்பீர்கள்? இன்று அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். நாளை இந்தப் பிள்ளை பதக்கத்தோடு வந்தால் "நம்ம பொண்ணு" என்று படம் எடுத்துக்கொள்ள முதல் வரிசையில் நிற்பவர்களும் நாம்தான். பதக்கம் வந்த பிறகுதான் நம்ம பொண்ணா? இப்போது யார் வீட்டுப் பொண்ணு?

அவள் அம்மா இந்தப் பதிவுகளையெல்லாம் படிக்கிறார். அவளும் படித்திருப்பாள். அந்த வரியை எடுத்துவிடுங்கள் அண்ணே. மனம் வரவில்லையென்றால் அவள் பயிற்சி செய்யும் திடலுக்கு ஒரு மாலை வாருங்கள், நானே கூட்டிப்போகிறேன். மூன்றாவது முயற்சிக்கு அவள் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் எழுதுங்கள்.