பாசம் இருந்தாலும் எரிச்சல் வரும்

டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்தவர்கள் வேண்டுமென்றேதான் கேட்டதையே கேட்கிறார்கள், பார்த்துக்கொள்பவர்களுக்கு உண்மையான பாசம் இருந்தால் எரிச்சல் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோயில், மூளையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகிறது. நாம் சொன்ன பதில் அவர்களிடம் தங்குவதே இல்லை. என் அம்மா, இறந்துபோன அப்பாவை எங்கே என்று ஒரே மாலையில் பத்து தடவை கேட்பார். முதலில் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் அதைச் சொல்வதை விட்டுவிட்டு, அப்பாவைப் பற்றி அவரையே பேச வைத்தேன். இரவுகளில் தூக்கமில்லாமல் அவர்மேல் குரலை உயர்த்தியும் இருக்கிறேன். கண்ணெதிரே இருப்பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிற துக்கம் அது. பார்த்துக்கொள்பவர்கள் பலருக்கு மனச்சோர்வே வந்துவிடுகிறது. தயவுசெய்து அவர்கள்மேல் பாசமில்லாதவர்கள் என்ற பழியையும் போடாதீர்கள்.