வக்காலத்து கொடுத்தால் வழக்கறிஞரை மாற்ற முடியாதா?

நம் சார்பில் வழக்கு நடத்த வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரமான வக்காலத்தில் ஒருமுறை கையெழுத்திட்டால் வழக்கு முடியும்வரை வழக்கறிஞரை மாற்ற முடியாது, கட்டண பாக்கி இருந்தால் அவர் கேஸ் கட்டைத் திருப்பித் தரவே வேண்டியதில்லை என்று கோபி, பவானிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறானது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3ஆம் கட்டளை, 4ஆம் விதிப்படி, கட்சிக்காரர் கையெழுத்திட்டு எழுதிக்கொடுத்து, நீதிமன்ற அனுமதியுடன் வக்காலத்தை முடித்துக்கொள்ளலாம். பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு சட்ட வழி உண்டு. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரமும், கிணற்றுப் பங்கு எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரமும் அந்தக் கட்டுக்குள் கிடக்கும்போது, இந்தப் பொய்யை நம்பித் தோட்டத்துக்காரர்கள் வாய்தா வாய்தாவாக அலைவது எனக்குப் பொறுக்கவில்லை. கட்டணம் கொடுக்க இயலாத பெண்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.