அந்தப் பெண்ணின் கருத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை

ஞாயிற்றுக்கிழமை நம் மாதக் கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அரங்கில் இருந்தவர்கள் நேரில் பார்த்தார்கள். வராதவர்களுக்கு அன்றிரவே காணொளி போய்ச் சேர்ந்துவிட்டது. உடல் பருமனைப் பற்றித் தயாரித்துக்கொண்டு வந்து, குறிப்புகளோடு பேசி முடித்த ஓர் இளம்பெண்ணைப் பார்த்து, கேள்வி நேரத்தில் எழுந்து நின்ற மூத்த நண்பர், "மொதல்ல நீ ஒடம்பக் கொறச்சுட்டு வாம்மா, அப்புறம் இதப் பத்திப் பேசலாம்" என்றார். அரங்கம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண் எடுத்து வைத்த வாதத்துக்கு அரங்கில் இருந்த ஒருவரும் பதில் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் பேசியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடில்லாதது. உடல் பருமனை நோய் என்று சொல்வதே தவறு, அது மருந்து நிறுவனங்கள் வளர்த்துவிட்ட அச்சம் என்பது அவருடைய முடிவு. அது பிழையான முடிவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் பிழையான முடிவுக்கும் ஒரு பதில் உண்டு, அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு எதிர்ப்பவருக்கு உண்டு. அந்த நண்பர் அந்தப் பொறுப்பை ஒரே வரியில் கைகழுவினார். அதை நாம் சாமர்த்தியம் என்று கொண்டாடினோம்.

பதில் சொல்ல முடியாத வாதமா அது? இல்லவே இல்லை. உடல் நிறைக் குறியீடான பி.எம்.ஐ. என்ற கணக்கு 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்துக் கணிதவியலாளர் அடால்ஃப் கெட்டலே சராசரி மனிதனின் அளவுகளை ஆராயும்போது உருவாக்கியது, தனியொருவரின் உடல்நலத்தை அறிவதற்காக அவர் அதை உருவாக்கவில்லை, 1972ஆம் ஆண்டில்தான் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் அன்செல் கீஸ் குழுவினர் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார்கள் என்று அந்தப் பெண் சொன்னார். எல்லாம் சரி. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்லக்கூடாது என்பதும் சரி. 2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமம் அமைத்த வல்லுநர் ஆணையமே, அந்த எண் மட்டும் போதாது, இடுப்புச் சுற்றளவு போன்றவற்றையும் பார்க்க வேண்டும், உறுப்புகள் பாதிக்கப்பட்ட நிலையையும் இன்னும் பாதிக்கப்படாத நிலையையும் வேறுபடுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

அங்கிருந்துதான் நான் அவரிடமிருந்து விலகுகிறேன். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் மருத்துவர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு மெலிந்திருக்கும் இந்திய உடலுக்குள்ளும் கொழுப்பு சேர்ந்திருக்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது. இதனால்தான் நம் நாட்டு வல்லுநர்கள் கூடிப் பேசி 2009இல் வெளியிட்ட அறிக்கையில், உலக அளவில் மிகை எடைக்கு 25 என்றும் பருமனுக்கு 30 என்றும் வைத்திருக்கும் எல்லைகளை இந்தியர்களுக்கு 23 என்றும் 25 என்றும் இறக்கினார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் கவனிக்கச் சொன்னார்கள். அளவுகோலில் பிழை இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னது உண்மை. அந்தப் பிழை நம்மவர்களின் ஆபத்தைக் குறைத்துக் காட்டியது என்பதுதான் அவர் சொல்லாமல் விட்டது. இதை அரங்கில் சொல்லியிருக்கலாமே? இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவரும் யோசித்திருப்பார், நாங்களும் யோசித்திருப்போம்.

உடல் பருமன் உடலை என்ன செய்யும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் பருத்த உடம்புக்காரிதான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் சேரும் கொழுப்பு இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை. உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு தாறுமாறாகிறது. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் பதின்மூன்று வகைப் புற்றுநோய்களை மிகைக்கொழுப்போடு தொடர்புபடுத்தியது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் மிகை எடையோ பருமனோ உள்ளவர்கள் 2015–16 சுற்றில் 30.9 விழுக்காடாக இருந்து, 2019–21 சுற்றில் 40.4 விழுக்காடாக உயர்ந்தார்கள், ஆண்கள் 28.2இலிருந்து 37.0 ஆனார்கள். நாட்டின் சராசரி இரு பாலருக்கும் 25 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆகவே இது அச்சுறுத்தலுக்காகக் கட்டிவிட்ட கதை என்று யார் சொன்னாலும் நான் மறுப்பேன், அந்தப் பெண் சொன்னாலும் மறுப்பேன்.

இத்தனையும் தெரிந்துதான் சொல்கிறேன்: அந்த நண்பர் செய்தது தவறு. கருத்தை மறுக்க வேண்டிய இடத்தில் உடம்பைக் காட்டினார்.

இதைக் கண்டித்து நான் முன்பு எழுதிய பிறகு, "அக்கறையில் சொன்னார்" என்று எனக்குத் தனிச்செய்தியில் எழுதியவர்கள் பலர். இந்த அக்கறையை நான் சிறுவயதிலிருந்து அறிவேன். கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டாவது அப்பளம் கேட்கும்போது பக்கத்து இலையிலிருந்து வரும் அக்கறை. துணிக்கடையில் நாம் கேட்பதற்கு முன்பே "உங்க சைஸ் வராதும்மா" என்று சொல்லும் அக்கறை. ஷேர் ஆட்டோவில் ஏறும்போது உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் பார்வை. பெண் பார்க்க வந்துவிட்டுப் போய், "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு" என்று தரகரிடம் சொல்லி அனுப்பும் நாகரிகம். நெடுநாள் கழித்துப் பார்ப்பவர் நலம் விசாரிப்பதற்கு முன்பு "ஒரு சுத்துப் பெருத்துட்டியே" என்று தொடங்குவார். உடல் பருத்தவர்கள் குழுப் படத்தில் ஏன் எப்போதும் பின்வரிசைக்குப் போய் நிற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நம் திரைப்படங்களில் கல்யாணம் என்ற நடிகருக்குக் 'குண்டு' என்ற அடைமொழியே பெயராக நிலைத்துவிட்டது. பருத்த உடல் திரைக்கு வந்தாலே சிரிக்கலாம் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை அரங்கில் எழுந்ததும் அதே பழக்கத்தின் சிரிப்புதான். இதில் அக்கறை எங்கே இருக்கிறது?

அக்கறை என்று சொல்லிக்கொள்ளும் இந்தப் பேச்சு உடல்நலத்துக்கு என்ன செய்யும் என்பதை என் அக்காவிடம் பார்த்தேன். அவளுக்கு நாற்பது வயதைக் கடந்த பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது, எந்நேரமும் களைப்பு. ஒரு மருத்துவமனைக்குப் போனாள். நாற்காலியில் உட்காரும் முன்பே மருத்துவர், "எடையைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். ரத்தப் பரிசோதனைகூட எழுதித் தரவில்லை. வீட்டில் எல்லோரும் அதையே சொன்னோம், டாக்டரே சொல்லிவிட்டார் என்று. அவள் நடக்கத் தொடங்கினாள். மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன்கள் அவளைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்; என்ன சொன்னார்கள் என்று அவள் இதுவரை எங்களிடம் சொன்னதில்லை. நடை நின்றது. மருத்துவரிடம் போவதும் நின்றது, ஏனென்றால் அங்கே போனால் அதே வாக்கியம்தான் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு ஒருநாள் சமையலறையில் மயங்கி விழுந்தபோதுதான் வேறொரு மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கருப்பையில் கட்டி, மாதந்தோறும் அளவுக்கு மீறிய உதிரப்போக்கு, அதனால் கடுமையான ரத்தசோகை. மூச்சு வாங்கியதற்கு அதுதான் முதன்மைக் காரணம். உதிரப்போக்கைப் பற்றி முதல் மருத்துவரிடம் சொன்னாயா என்று கேட்டேன். "அவர் என்னை நிமிர்ந்தே பாக்கலடி, எங்க சொல்ல?" என்றாள்.

ஒரு குடும்பத்தின் கதையை வைத்து மருத்துவத்தையே குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். மருத்துவர்களே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நேச்சர் மெடிசின் இதழில் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கை, உடல் பருத்தவர்களை இழிவாக நடத்துவது அவர்களுடைய உடலையும் மனத்தையும் கெடுக்கிறது, அவர்களுக்கு முறையான சிகிச்சை கிடைப்பதையே தடுக்கிறது என்று சொல்கிறது. கேலி செய்தால் எடை குறையும் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நான் மெலிந்திருக்க வேண்டும்.

"புகைபிடிப்பவரைக் கண்டிக்கிறோமே, குடிப்பவரைக் கண்டிக்கிறோமே, இதை மட்டும் ஏன் கண்டிக்கக் கூடாது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இது கேட்க வேண்டிய கேள்வி, மதித்தே பதில் சொல்கிறேன். சிகரெட்டை ஒருவர் முற்றிலுமாக விட்டுவிடலாம். உணவை விட முடியாது. எடை எவ்வளவு ஏறும் என்பதில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை இரட்டையர் ஆய்வுகள் 1980களிலேயே காட்டிவிட்டன. பசியை அடக்கச் சொல்லி மூளைக்குச் செய்தி அனுப்பும் லெப்டின் என்ற சுரப்பு 1994இல் கண்டறியப்பட்ட பிறகு, பசி என்பது வெறும் மன உறுதி சார்ந்தது என்று படித்தவர்கள் யாரும் சொல்வதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றின் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்டு பெருமளவு மெலிந்த பதினான்கு பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்ப வந்திருந்தது. அதைவிட முக்கியம், ஓய்வாக இருக்கும்போது அவர்கள் உடல் செலவழிக்கும் ஆற்றல், அந்த எடைக்கு எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்தே இருந்தது. அதாவது மெலிந்த உடல் பழைய எடைக்குத் திரும்ப ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டே இருக்கிறது. ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவற்றாலும் எடை ஏறும். எதிரில் இருப்பவருடைய எடை இவற்றில் எதனால் வந்தது என்று ஒரு கேள்வி நேரத்தில் யாருக்குத் தெரியும்? தெரிந்தாலும், அவர் பேசிய கருத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? புகைபிடிக்கும் மருத்துவர் புகையிலை கெடுதல் என்று சொன்னால் அந்தத் தகவல் பொய்யாகிவிடுமா?

"மேடை ஏறினால் விமர்சனத்தைத் தாங்க வேண்டும்." தாங்க வேண்டும். விமர்சனம் வந்தால் தாங்குவார்.

"நீங்களும் அதே உடம்பு, அதனால்தான் இவ்வளவு கோபம்" என்று எழுதிய நண்பருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மெலிந்த ஒருவர் இதே கருத்தை எழுதியிருந்தால் அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டிருப்பீர்கள். பருத்த நான் எழுதினால் சொந்த வலி என்கிறீர்கள். அப்படியானால் இதைப் பற்றிப் பேசத் தகுதியானவர் யார்? நான் அந்தப் பெண்ணின் கருத்தை எதிர்ப்பவள் என்பதையும், என் உடம்புக்குச் சாதகமான கருத்தை நான் எடுக்கவில்லை என்பதையும் நீங்கள் படிக்கவே இல்லை. அவருக்கு நடந்ததையே எனக்கும் செய்திருக்கிறீர்கள், எழுத்தைத் தாண்டி உடம்பைப் பார்த்திருக்கிறீர்கள்.

அந்த மூத்த நண்பர் மீதுகூட எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை. அவர் பேசும் விதம் நாம் அறிந்ததுதான். அரங்கில் இருந்த மற்றவர்கள் மீதுதான் வருத்தம். மாற்றுக் கருத்து, ஜனநாயகம், உரையாடல் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறவர்கள் நீங்கள். அரசியலில் நேர் எதிர் முகாமில் இருப்பவரை அழைத்து உட்காரவைத்து, அவரைப் பேசவிட்டு, வரிக்கு வரி மறுத்ததை நான் பார்த்திருக்கிறேன், பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த மரியாதையை ஓர் இளம்பெண்ணுக்குக் கொடுக்க என்ன தடை? உங்களில் ஒருவர் எழுந்து, "ஐயா, அவர் சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் போதும். அமைப்பாளர்கள் ஒலிவாங்கியை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்திருந்தால்கூடப் போதும். அவர் தம் குறிப்புத்தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்து இருக்கையிலிருந்தவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் என் இருபது ஆண்டு நண்பர். என் உடம்பைப் பற்றியும் நான் இல்லாத இடத்தில் இப்படித்தான் சிரித்திருப்பாரோ என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அந்தப் பெண்ணோடு நேற்று தொலைபேசியில் பேசினேன். மேலே எழுதியிருக்கும் யாஜ்னிக் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் அதை ஏற்கவில்லை. எல்லையை 23க்கு இறக்கியதால் மருந்து விற்பனைதான் கூடும் என்று வாதாடினார். முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வைக்கும்போது "அடுத்த வாரம் மறுபடி பேசலாம் அக்கா, நான் இன்னும் கொஞ்சம் படிச்சுட்டு வர்றேன்" என்றார்.

இந்தப் பதிவின் கீழே என்னை மறுத்து எழுதுங்கள். உடல் பருமன் நோயே அல்ல என்பவர்களும் எழுதுங்கள், நோய்தான் என்று நான் சொன்னது போதாது என்பவர்களும் எழுதுங்கள்; நேரம் எடுத்தாவது பதில் தருவேன். அந்தப் பெண்ணின் உடலைப் பற்றியோ, என் உடலைப் பற்றியோ, அந்த மூத்த நண்பரின் தோற்றத்தைப் பற்றியோ ஒரு சொல் வந்தாலும் அதை நீக்கிவிடுவேன். ஏன் நீக்கினாய் என்று தனிச்செய்தியில் கேட்க வேண்டாம்.