அவருக்கு வயலின், எனக்குப் புல்லாங்குழல்

ஆல்பத்தைத் துண்டு துண்டாகக் கேட்காமல் முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, நானும் வீட்டுக்காரரும் ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதைத்தான் செய்கிறோம், வாராவாரம் சண்டைதான். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) போட்ட அன்று அவர் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம், வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஒன்று போதும், இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கென்னவோ கணக்குப் பாடம் மாதிரி இருந்தது. அழகான கணக்குதான், ஆனாலும் கணக்கு.

அடுத்த வாரம் இளையராஜாவின் இன்னொரு ஆல்பம், 'நத்திங் பட் விண்ட்' (1988). ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் ஆரம்பித்ததுமே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, இவரோ "படத்தோட பின்னணி இசை மாதிரி இருக்கு" என்றார்! அன்று அவருக்கு ஆறிப்போன தோசைதான்.

அப்புறம் பிங்க் ஃபிளாய்டு என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973). அதில் 'டைம்' பாட்டு தொடங்கும்போது ஒரே நேரத்தில் கடிகாரங்கள் எல்லாம் அலறுமே, பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த மாமியார் எழுந்து வந்துவிட்டார். சத்தத்தைக் குறைத்துக் கேட்டால் அது அந்த ஆல்பமே இல்லை என்கிறார் இவர். மாமியாரிடம் அதை அவரே சொல்லட்டும்.