ஃபிலிபுஸ்: குப்பைக்குப் போகாமல் தப்பிய ஒரு வாராந்தரப் படம்

ஃபிலிபுஸ் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் "காலத்தை மிஞ்சிய படம்" என்ற பாராட்டு எங்காவது வந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பாராட்டோடுதான் சண்டை.

படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1915, இத்தாலியின் தூரின் நகரம். கொரோனா ஃபிலிம் என்ற சின்னக் கம்பெனியின் தயாரிப்பு (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நூறு வருடம் முந்தியது). இயக்கம் மாரியோ ரொன்கொரோனி, கதை ஜொவான்னி பெர்த்தினெத்தி. ஃபிலிபுஸ் ஒரு ஆகாயக் கொள்ளைக்காரி. சொந்தமாக வான்கப்பல் வைத்திருக்கிறாள். கண்ணாடியில் வெயிலைப் பிடித்து மேலே சைகை காட்டினால் போதும், கப்பலிலிருந்து ஒரு கூண்டு இறங்கிவந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஊருக்குள் அவள் த்ரொய்மோன் சீமாட்டி. தேவைப்பட்டால் கோட்டு சூட்டு போட்டு த லா பிரீவ் பிரபுவாகிவிடுவாள். அந்தப் பிரபு வேடத்திலேயே, தன்னைத் துரத்தும் துப்பறிவாளர் குட்-ஹெண்டியின் தங்கை லியோனோராவிடம் காதல் பேச்சும் நடக்கும்.

அவள் திருடுவதோடு நிறுத்துவதில்லை, பழியைத் துப்பறிவாளர் தலையிலேயே போடுகிறாள். மயக்க மருந்து கொடுத்து அவருடைய கை அச்சை எடுத்து, அதே ரேகையோடு ஒரு கையுறை செய்துகொள்கிறாள். திருட்டு நடந்த இடத்தில் பார்த்தால் அவருடைய ரேகை! எனக்கு மிகவும் பிடித்தது எகிப்தியப் பூனைச் சிலை விவகாரம். பூனையின் கண்கள் வைரம். திருட வருகிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்க, துப்பறிவாளர் பூனையின் கண்ணுக்குள் ஒரு குட்டிக் கேமராவை ஒளித்துவைக்கிறார். அந்தக் கேமராவையும் அவருக்கு எதிராகவே திருப்பிவிடுகிறாள் ஃபிலிபுஸ். மனுஷன் பாவம், தூக்கத்தில் நாம்தான் எழுந்துபோய்த் திருடுகிறோமோ என்று தன்னையே சந்தேகப்படுகிறார். ரேகை, புகைப்படம் என்று அன்றைக்குப் புதிதாக வந்திருந்த "அசைக்க முடியாத சாட்சி"களையெல்லாம் ஒரு சாகசப் படம் போகிற போக்கில் கேலி செய்கிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் "அந்தக் காலத்திலேயே எப்படி இப்படி யோசித்தார்கள்!" என்கிறோம். ஆனால் படத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரிய பட்ஜெட் கிடையாது. வான்கப்பல் காட்சிகளில் அட்டையும் பலகையும் பல்லிளிக்கின்றன. நடிப்பிலும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாரா வாரம் மாற்றும் படங்களில் ஒன்றாக ஓட்டத்தான் இதை எடுத்திருக்கிறார்கள். ஒரு சின்னக் கம்பெனி தன் சாதாரணச் சரக்கிலேயே ஆண் வேடம் போடும் கொள்ளைக்காரியை நாயகியாக வைத்திருக்கிறது என்றால், அன்றைய ரசிகருக்கு அது அதிர்ச்சி இல்லை, பழகிய விஷயம் என்றுதானே அர்த்தம்?

கொஞ்சம் சுற்றிப் பார்த்தாலே இது தெரியும். 1913இலேயே பிரான்ஸில் ஜாஸே எடுத்த 'புரோத்தேயா'வில் ஜோசெத் ஆந்திரியோ வேடத்துக்கு மேல் வேடம் மாற்றும் உளவாளி. 1914இல் அமெரிக்காவில் 'தி பெரில்ஸ் ஆஃப் பாலின்', பாகம் பாகமாக வந்த ஒரு பெண்ணின் சாகசத் தொடர். அதே ஆண்டு ஆரம்பித்த 'தி ஹஸார்ட்ஸ் ஆஃப் ஹெலன்' 119 பாகம் ஓடியது; அதில் ரயில்வே தந்தி வேலை பார்க்கும் பெண் ஓடும் ரயிலில் தாவுவாள். ஹெலனில் பெரும்பகுதி இன்று இல்லை. பாலினுக்கு அசலில் 20 பாகம். நம் கையில் இருப்பது பின்னால் ஐரோப்பாவுக்காகச் சுருக்கிய 9 பாகம் மட்டும். அமெரிக்க மௌன முழுநீளப் படங்களைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு, கிட்டத்தட்ட 11,000 படங்களில் முதலில் வெளியான 35 மி.மீ. வடிவத்தில் முழுசாக எஞ்சியிருப்பவை 14 சதவீதம்தான் என்கிறது. காட்டையே வெட்டித் தள்ளிவிட்டு, மிச்சம் நிற்கும் ஒற்றை மரத்தைப் பார்த்து "என்ன ஒரு அதிசயம், இந்தப் பொட்டலில் எப்படி முளைத்தது!" என்கிறோம்.

சரி, இது மட்டும் எப்படித் தப்பியது? இத்தாலியில் யாரும் போற்றிப் பாதுகாக்கவில்லை. தப்பவைத்தவர் ஜான் டெஸ்மெட் என்ற டச்சு வியாபாரி. திருவிழாக்களில் ராட்டினம் போல ஏதோ சுற்றிக் காசு பார்த்தவர், 1907இல் 'இம்பீரியல் பயோ' என்று ஒரு டூரிங் சினிமா ஆரம்பித்தார். 1909இல் ராட்டர்டாமிலும் அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமிலும் நிலையான தியேட்டர் கட்டினார், பிறகு விநியோகஸ்தரானார். முதல் உலகப் போர் வந்து படத் தொழில் மாறியதும் மெல்ல ஒதுங்கி, வீடு நிலம் என்று போய்விட்டார். பழைய படங்களுக்கு இனிக் காசு வராது. அந்த நிலைமையில் மற்றவர்கள் செய்தது வேறு. அந்தக் காலத்து நைட்ரேட் படச்சுருளைக் கரைத்தால் வெள்ளி கிடைக்கும், எடைக்குப் போட்டுவிட்டார்கள். இவர் போடவில்லை. படம் மட்டுமில்லை, போஸ்டர், பில், கடிதம் வரைக்கும் வைத்திருந்தார். 1956இல் அவர் இறந்த பிறகு எல்லாம் டச்சு திரைப்பட அருங்காட்சியகத்துக்கு வந்தது: சுமார் 900 படங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காகிதங்கள். 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம் கிடைத்தது. இன்று எல்லாம் ஆம்ஸ்டர்டாமில் 'ஐ' (Eye) என்ற திரைப்பட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்தச் சேகரிப்பின் அருமை என்னவென்றால், இது ரசனை பார்த்துப் பொறுக்கி எடுத்ததல்ல. வாங்கியது, ஓட்டியது, மிஞ்சியது. காப்பகக்காரர்கள் மட்டுமே தேர்ந்தெடுத்திருந்தால் ஃபிலிபுஸ் மாதிரிப் படத்துக்கு அலமாரியில் இடம் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

நாம் பார்க்கும் ஃபிலிபுஸ், நெதர்லாந்து தியேட்டர்களில் ஓடிய பிரதியிலிருந்து வந்தது. நடுநடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகள் டச்சில். சாயமேற்றிய பிரதி. மௌனப்படம் என்றாலே கறுப்பு வெள்ளை என்ற நினைப்பு நமக்கு. ஆனால் இரவுக்கு நீலம், நெருப்புக்குச் சிவப்பு என்று சாயம் போடுவது அன்று சர்வசாதாரணம். இந்தச் சாயத்தைப் புதிய பிரதிகளில் கொண்டுவர ஒரு முறை இருக்கிறது. பழைய சுருளிலிருந்து கறுப்பு வெள்ளை நெகட்டிவ் எடுத்து, வண்ணச் சுருளில் அச்சிடும்போது தேவையான நிற ஒளியைச் சேர்ப்பார்கள். அதற்குப் பெயர் டெஸ்மெட் முறை. நம்ம வியாபாரி டெஸ்மெட் இல்லை, பெல்ஜியத் திரைப்படக் காப்பகத்தில் இருந்த நோயல் டெஸ்மெட். இந்த இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

பெயர்க் குழப்பம் நாயகிக்கும் உண்டு. ஃபிலிபுஸாக நடித்தவர் கிறிஸ்தினா ருஸ்போலி என்றே ரொம்ப நாள் எழுதிவந்தார்கள். அமெரிக்காவின் மைல்ஸ்டோன் ஃபிலிம்ஸ் படத்தைப் புதுப்பித்து வெளியிட்ட சமயத்தில்தான், அது வலேரியா கிரேத்தி, ருஸ்போலி நடித்தது லியோனோராவாக என்று சரிசெய்தார்கள். பிரதி இல்லாமல் போயிருந்தால் இந்தத் திருத்தத்துக்கே வழியில்லை. முகத்தோடு முகம் ஒப்பிட எதுவும் இருந்திருக்காது, பட்டியலில் தவறான பெயரே நிலைத்திருக்கும்.

பார்க்க நினைப்பவர்கள் அந்தப் புதுப்பித்த பிரதியையே தேடிப் பாருங்கள், சாயமேற்றாத கறுப்பு வெள்ளைப் பிரதி வேண்டாம். சுமார் ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிவைச் சொல்லிவிடுகிறேன், 1915 படத்துக்கு என்ன ஸ்பாய்லர் அலர்ட்: அவள் பிடிபடுவதில்லை, வான்கப்பலில் பறந்துவிடுகிறாள். அடுத்த பாகத்துக்குக் கதவைத் திறந்தே விட்டிருக்கிறார்கள், ஆனால் அடுத்த பாகம் வரவில்லை. புரோத்தேயாவையும் கூடவே பாருங்கள். அப்புறம் வந்து "காலத்தை மிஞ்சியது" என்று சொல்கிறீர்களா பார்ப்போம்.