1966-ல் கடைசி வரை அதே பதினொரு பேரா?

அண்ணே, 1966 கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்து முதல் ஆட்டத்திலிருந்து இறுதி வரை ஆளையும் மாற்றவில்லை, அமைப்பையும் மாற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே யாங்கோன் டீக்கடையிலும் ஒருவர் இதையேதான் அடித்துச் சொன்னார். பாதிதான் சரி. கடைசி மூன்று ஆட்டங்களில்தான் அதே பதினொருவர். குரூப் ஆட்டங்களில் விங்கர், அதாவது ஓரமாக ஏறி ஆடுபவர், மாறிக்கொண்டே இருந்தார்: உருகுவேயுடன் கானலி, மெக்சிகோவுடன் பெய்ன், பிரான்சுடன் காலகன், அப்புறம் காலிறுதியிலிருந்து விங்கரே கிடையாது. இறுதியில் மூன்று கோல் போட்டாரே ஹர்ஸ்ட், அவரே காயம்பட்ட கிரீவ்ஸுக்குப் பதிலாகக் காலிறுதியில் வந்தவர்தான்.

ஃபிஃபா தளத்தில் ஜூலை 11 முதல் ஆட்டம், ஜூலை 30 இறுதி ஆட்டம் இரண்டின் ஆட்டக்காரர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு பெயர் வேறாக இருக்கும். அப்போது இடையில் ஆள் மாற்றவே முடியாது, பட்டியலில் இருப்பவர்தான் முழுக்க ஆடியவர்.